இலக்கமுறை அறிவிப்புத் திரைகளும் நேரம் குறித்த இடையீடுகளும்

சிட்னி மத்திய புகையிரத நிலையத்தில் வண்டிக்காகக் காத்து நிற்போரும், மெல்பேண் பெடரேஷன் சதுக்கத்திலே கூடுவோரும், வைத்தியசாலையிலே தமது முறை வரும்வரை அமர்ந்திருப்போரும் இன்று ஒரே வகையான பொருளையே அண்ணாந்து நோக்குகின்றனர். அதுவே இலக்கமுறை அறிவிப்புத் திரை. கடைத்தொகுதி, நூலகம், பாடசாலை, பெருந்தெருவின் ஓரம் என எங்கும் அது இடம்பிடித்து விட்டது. அதிலே காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருப்பதை நாம் காண்கிறோம். ஆயினும் எந்தக் காட்சி எப்போது வரவேண்டும், இடையிலே புகுந்து பேசும் உரிமை எந்த அறிவிப்புக்கு உண்டு, அது எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பவற்றைத் தீர்மானிப்பது யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் காட்சி நிரலை, குறித்த நேரத்திலே நிறுத்தி, வேறொரு செய்தியைக் காட்டி, மீண்டும் பழைய நிரலுக்குத் திரும்புவதையே இக்கட்டுரையில் இடையீடு என்று குறிப்பிடுகிறோம். இது கணனித் துறையின் சிறியதொரு நுட்பமாகத் தோன்றலாம். ஆனால் தக்க செய்தி, தக்க வேளையில், தக்க மொழியில் மக்களைச் சென்றடைவதும் அடையாமற் போவதும் இந்நுட்பத்திலேயே தங்கியுள்ளது.

பழங்காலத்து இடையீடுகள்

ஊரின் அன்றாட ஓட்டத்தை நிறுத்தி நேரத்தை அறிவிக்கும் வழக்கம் மிகப் பழைமையானது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, நீர் நிரம்பும் கலத்தைக் கொண்டு பொழுதைக் கணித்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரைக் குறிப்பிடுகின்றது. திருவள்ளுவரும் காலமறிதல் என்னும் அதிகாரத்தை வகுத்து, அதனை அடுத்து இடனறிதலை வைத்தார். எப்போது என்பதும் எங்கே என்பதும் இணைபிரியாதவை என்பதை அவ்வொழுங்கே உணர்த்துகின்றது.

அவுஸ்திரேலியாவிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. சிட்னி வானியல் ஆய்வுக்கூடத்தின் கோபுர உச்சியில் 1858 ஆம் ஆண்டில் நேரப் பந்து ஒன்று இயங்கத் தொடங்கியது. பிற்பகல் ஒரு மணிக்கு அது கீழே வீழும்போது, துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் மாலுமிகள் தமது கடிகாரங்களைச் சரிசெய்தனர். 1906 ஆம் ஆண்டில் சிட்னி மத்திய புகையிரத நிலையத்தில் அமைக்கப்பட்ட பெரும் மரப்பலகை, வண்டிகள் நின்று செல்லும் ஊர்களைக் காட்டியது. ஊழியர்கள் அதனைக் கையாலேயே இயக்கினர். 1982 வரை பணிபுரிந்த அப்பலகை பின்னர் பவர்ஹவுஸ் அரும்பொருட்காட்சியகத்தின் சேகரிப்பிற் சேர்ந்தது. அன்று ஊழியரின் கை செய்த வேலையையே இன்று மென்பொருள் செய்கின்றது.

திரை இயங்கும் முறை

ஒவ்வொரு திரைக்கும் பின்னால் சிறிய கணனி ஒன்று உண்டு. அதனைத் திரைக் கணனி என்போம். நிறுவனத்தின் அலுவலகத்திலோ இணையத்திலோ தலைமைக் கணனி ஒன்று இருக்கும். படங்களும் சொற்களும் நேர அட்டவணையும் தலைமைக் கணனியிலே தயாராகின்றன. திரைக் கணனி குறித்த இடைவெளிகளில் தலைமைக் கணனியைத் தொடர்புகொண்டு, புதியவற்றைப் பெற்றுத் தன்னகத்தே சேமித்துக் கொள்கிறது. இதனால் இணையத் தொடர்பு சற்று அறுந்தாலும் திரை வெறுமையாவதில்லை.

திரையிலே காட்சிகள் சுற்று முறையில் வருகின்றன. ஒரு சுற்றில் 12 காட்சிகள், ஒவ்வொன்றும் 10 செக்கன் என வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று 120 செக்கனில், அதாவது 2 நிமிடத்தில் முடியும். ஒரு மணித்தியாலத்தில் 30 சுற்றுகள் நிகழும். இந்தச் சீரான ஓட்டத்தினுள்ளே புகுவதே இடையீடு. அது மூன்று வகைப்படும்.

முதலாவது, மணி பார்த்து வருவது. காலை 10 மணிக்கு வகுப்பு ஆரம்பம், நண்பகல் 12 மணிக்கு இடைவேளை என்பன இவ்வகை.

இரண்டாவது, பங்கு பார்த்து வருவது. மணித்தியாலத்துக்கு இத்தனை செக்கன் இச்செய்திக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டால், மென்பொருளே அதனைப் பகிர்ந்து இடையிடையே செருகும். ஸீபோ எனப்படும் திறந்த மூல மென்பொருளில் இவ்வசதி உண்டு.

மூன்றாவது, நிகழ்வு பார்த்து வருவது. தீ, வெள்ளம், வண்டித் தாமதம் போன்றவை நிகழும்போது உடனே எழுவது இது. இதற்கு முன்கூட்டியே நேரம் குறிக்க இயலாது.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு செய்திக்கு மணித்தியாலத்துக்கு 5 நிமிடம், அதாவது 300 செக்கன் கிடைத்தது. செய்தியின் நீளம் 20 செக்கன். அதனை 15 தடவை காட்டலாம். சமமாகப் பகிர்ந்தால் 4 நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். பத்து நிமிடம் காத்திருப்பவர் அதனைக் குறைந்தது இரண்டு தடவையாவது காண்பார். அதே 5 நிமிடத்தையும் ஒவ்வொரு மணியின் தொடக்கத்தில் ஒரேயடியாகக் காட்டினால் என்னவாகும்? 10 மணி 6 நிமிடத்துக்கு வந்து 10 மணி 50 நிமிடத்துக்குப் போனவர், ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் திரையின் முன் இருந்தும் அச்செய்தியை ஒருமுறைகூடக் கண்டிருக்கமாட்டார். ஒதுக்கிய நேரம் ஒன்றுதான், பயனோ வேறு.

இரண்டு செய்திகள் மோதும்போது

ஒரு செய்தி ஓடிக்கொண்டிருக்கையில் மற்றொன்று குறுக்கே வந்தால் என்ன செய்வது? இவ்வினாவுக்குத் தெளிவான விடையை வகுத்துத் தந்தது ஸ்மைல் என்னும் பல்லூடக மொழி. உலகளாவிய வலையமைப்புக்கான கூட்டமைப்பு அதன் இரண்டாம் பதிப்பை 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அறிவிப்புத் திரைகள் சிலவற்றின் மென்பொருள்களும் இம்மொழியைப் பயன்படுத்தியுள்ளன. அது கூறும் வழிகள் நான்கு.

ஓடும் காட்சியை அடியோடு முடித்துவிடுவது ஒன்று. அதனை இடைநிறுத்தி, வந்த செய்தி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது மற்றொன்று. வந்த செய்தியைக் காத்திருக்கச் செய்து, ஓடுவது முடிந்தபின் அதற்கு இடமளிப்பது மூன்றாவது. வந்த செய்தியை ஏற்காது விடுவது நான்காவது.

நமது விழா மண்டபத்திலே இந்நான்கையும் காணலாம். மேடையிலே சிறுமி ஒருத்தி பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருக்கிறாள். வாகனத்தின் விளக்கை அணைக்க மறந்தவருக்கான செய்தி ஒன்று அறிவிப்பாளரிடம் வருகின்றது. ஆடல் முடியும்வரை அவர் காத்திருப்பார். இது மூன்றாவது வழி. அறிவிப்பாளர் அனுசரணையாளருக்கு நன்றி கூறிக்கொண்டிருக்கையில் பிரதம விருந்தினர் வருகிறார். வரவேற்றபின் விட்ட இடத்திலிருந்து நன்றியுரை தொடரும், இது இரண்டாவது. மண்டபத்தில் தீ எச்சரிக்கை ஒலிக்குமானால் எல்லாம் அக்கணமே நிற்கும், இது முதலாவது. நாடகத்தின் உச்சக்கட்டத்தில் ஒருவர் தமது கடையின் மலிவு விற்பனையை அறிவிக்கக் கேட்டால் மறுமொழி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்மைல் மொழியிலே செய்திகளை மேல், கீழ் எனப் படிநிலை வகுக்கலாம். வேறு கட்டளை கொடுக்காவிடின், மேற்படியிலுள்ளது வந்தால் ஓடுவது இடைநிறுத்தப்படும். சமநிலையிலுள்ளது வந்தால் ஓடுவது முடிக்கப்படும். கீழ்ப்படியிலுள்ளது வந்தால் அது காத்திருக்கும். நல்ல அறிவிப்பாளர் ஒருவரின் விவேகத்தை விதியாக எழுதினால் ஏறத்தாழ இவ்வாறே அமையும்.

தெருவோரத் திரைகள்

வாகனம் ஓட்டுவோர் காணும் திரைகளில் இடையீடு மேலும் அவதானத்துக்கு உரியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் திட்டமிடல் திணைக்களம் 2017 இல் வெளியிட்ட போக்குவரத்துப் பாதையோர விளம்பர வழிகாட்டி, வேக எல்லை மணிக்கு 80 கிலோமீற்றருக்குக் குறைவான இடங்களில் ஒரு காட்சி குறைந்தது 10 செக்கனும், 80 கிலோமீற்றரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் குறைந்தது 25 செக்கனும் நிற்க வேண்டுமென விதித்தது. ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேரம் 0.1 செக்கனுக்கு மேற்படலாகாது என்றும் கூறியது.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் 10 செக்கனில் ஏறத்தாழ 167 மீற்றர் தூரம் கடக்கும். 80 கிலோமீற்றர் வேகத்தில் 25 செக்கனில் ஏறத்தாழ 556 மீற்றர் கடக்கும். திரை மாறும்போதெல்லாம் கண் அதன்பால் இழுபடுவது இயல்பு. எனவே மாற்றங்களை அரிதாக்கி, ஓட்டுநரின் கவனத்தைப் பாதையிலே வைப்பதே இவ்விதியின் நோக்கம். இத்தகைய திரையில் சாதாரண இடையீடு ஒன்று நான்காவது செக்கனில் பாய்ந்து புகக்கூடாது. ஓடும் காட்சிக்குரிய நேரம் முடியும்வரை காத்திருத்தல் வேண்டும்.

கடிகாரம் தரும் சிக்கல்

மணி பார்த்து வரும் இடையீட்டுக்குச் சரியான கடிகாரம் அடிப்படை. நூறு திரைகளுக்கு நூறு கடிகாரங்கள் இருப்பின், ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகப் பிசகும். கணனிகள் வலையமைப்பின் வழியே நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் நடைமுறையை அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் உருவாக்கினார். அதன் விபரம் 1985 இல் வெளியானது. திரைக் கணனிகளும் அவ்வழியையே பின்பற்றுகின்றன.

ஆனால் கடிகாரம் சரியாக இருந்தும் பிழை நேரலாம். சிட்னியிலும் மெல்பேணிலும் ஒக்டோபர் மாத முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி, 3 மணியாக மாற்றப்படுகின்றது. அன்று 2 மணி 30 நிமிடம் என்றொரு நேரமே இல்லை. ஏப்ரல் மாத முதல் ஞாயிறு 3 மணி மீண்டும் 2 மணியாகின்றது. அன்று 2 மணி 30 நிமிடம் இரண்டு தடவை வரும். அந்நேரத்துக்கு ஒரு கட்டளையைக் குறித்திருந்தால், ஒரு நாள் அது நிகழாமலும் மறுநாள் இருமுறை நிகழ்ந்தும் போகலாம்.

மற்றொரு பொறியும் உண்டு. ஞாயிறு காலை 10 மணி அறிவிப்பைச் சர்வதேச நேரத்தில் மட்டும் பதிந்து வைத்தால், கோடை நேரம் தொடங்கியபின் அது 11 மணிக்கே தோன்றும். எனவே உள்ளூர் நேரத்தையும், எந்த ஊரின் நேரம் என்பதையும் சேர்த்தே பதிதல் வேண்டும். உலகின் நேர வலயங்களைத் தொகுத்த தரவுத்தளத்தில் சிட்னி, மெல்பேண், கொழும்பு முதலிய ஊர்களின் நேர மாற்றங்கள் யாவும் இடம்பெற்றுள்ளன. இலங்கையிலே 1996 மே மாதத்தில் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டதும், அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளப்பட்டதும், 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பியதும் பெற்றோர்கள் பலரின் நினைவில் இருக்கும். அம்மாற்றங்களும் அத்தரவுத்தளத்தில் உள.

உயிர் காக்கும் இடையீடு

2009 பெப்ரவரி 7 ஆம் திகதி விக்ரோறியா மாநிலத்திலே மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் உயிரிழந்தனர். அதனை ஆராய்ந்த அரச விசாரணைக்குழு, உரிய வேளையில் மக்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கையின் இன்றியமையாமையை 2010 ஆம் ஆண்டு இறுதி அறிக்கையில் வலியுறுத்தியது. தொலைபேசிகளுக்குச் செய்தி அனுப்பும் தேசிய அவசர அறிவிப்பு முறையும் 2009 இன் இறுதியிலே இயங்கத் தொடங்கியது. எச்சரிக்கைகளை மூன்று படிகளாக வகுக்கும் அவுஸ்திரேலிய முறையில், மஞ்சள் நிறம் தகவல் அறிவுரையையும், செம்மஞ்சள் விழிப்புடன் செயற்பட வேண்டிய நிலையையும், சிவப்பு உடனடி ஆபத்தையும் குறிக்கின்றன. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், சிறப்பாகப் பிள்ளைகள், இம்மூன்று நிறங்களையும் மனத்திற் பதித்தல் வேண்டும்.

இத்தகைய செய்திகளைக் கணனிகள் தமக்குள் பரிமாறுவதற்குப் பொது எச்சரிக்கை நெறிமுறை என்றொரு சர்வதேச அமைப்பு உண்டு. எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம் என்பவற்றோடு, செய்தி எப்போது காலாவதியாகும் என்பதையும் குறிப்பதற்கு அதில் இடமுண்டு. இவற்றுள் இறுதியானது எளிதில் மறக்கப்படுவது. முடிவு நேரம் குறிக்கப்படாத எச்சரிக்கை, ஆபத்து நீங்கிய பின்னரும் திரையில் நிற்கும். நாள்தோறும் அதைக் காண்பவர் அடுத்த எச்சரிக்கையை நம்பமாட்டார்.

தவறான எச்சரிக்கையைத் திரும்பப் பெறும் வழியும் முன்னரே வகுக்கப்பட வேண்டும். 2018 ஜனவரி 13 ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில், ஏவுகணை வருவதாகத் தவறான செய்தி கைத்தொலைபேசிகளுக்கும் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் சென்றது. அது தவறு என்னும் செய்தி கைத்தொலைபேசிகளை அடைய 38 நிமிடங்கள் கழிந்தன. எச்சரிப்பதற்கு ஒழுங்கு இருந்தது. எச்சரிக்கையை மீட்பதற்குப் போதிய ஒழுங்கு இருக்கவில்லை.

தமிழ் வாசகர் திரையைப் பார்க்கும்போது

2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அவுஸ்திரேலியாவிலே 95,000 இற்கும் அதிகமானோர் வீட்டில் தமிழ் பேசுவோராவர். இவர்களுள் ஆங்கிலம் வாசிப்பதற்குச் சிரமப்படும் முதியோரும் உளர். மேற்கூறிய எச்சரிக்கை நெறிமுறையில், ஒரே செய்தியைப் பல மொழிகளிலே தனித்தனிப் பகுதிகளாகச் சேர்க்கும் வசதி உண்டு. வசதி இருப்பது வேறு. யாரேனும் தமிழில் எழுதிச் சேர்ப்பது வேறு.

தமிழைத் திரையில் இடுவோர் மூன்றினைக் கவனித்தல் வேண்டும். முதலாவது எழுத்துரு. ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியான 1991 ஆம் ஆண்டிலேயே தமிழ் அதில் இடம்பெற்றது. ஆயினும் தமிழ் எழுத்துரு இல்லாத திரைக் கணனியில் சொற்கள் வெறும் கட்டங்களாகவே தோன்றும். சில கணனிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதியவை, அவ்வெழுத்துரு இல்லாவிடத்து ஆங்கில எழுத்துக் குவியலாய் மாறிவிடும். இரண்டாவது நேரம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. முதியோர் ஆறுதலாக வாசிப்பவர். ஆங்கிலச் செய்திக்கு 10 செக்கன் போதுமென்றால் தமிழுக்கும் அதுவே போதும் என்று கொள்ளுதல் தவறு. உரத்து இருமுறை வாசித்துப் பார்த்து நேரத்தைக் குறித்தல் நன்று. மூன்றாவது முன்னாயத்தம். ஆபத்து வந்தபின் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்கு அவகாசமிராது. இடமும் நேரமும் மட்டும் நிரப்பத்தக்க வாக்கியங்களை அமைதியான நாட்களிலேயே எழுதிச் சரிபார்த்து வைத்தல் வேண்டும்.

நமது பாடசாலைகளில்

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளிலும் விழா மண்டபங்களிலும் திரைகள் பயன்படுகின்றன. அவற்றைப் பொறுப்பேற்கும் இளைஞர்களுக்குப் பின்வருவன உதவும்.

1. எந்தச் செய்தி எதனை நிறுத்தலாம் என்ற படிநிலையை விழாவுக்கு முன்னரே எழுதிக்கொள்க. பாதுகாப்பு முதலாவது, நிகழ்ச்சி இரண்டாவது, விளம்பரம் மூன்றாவது.

2. ஒவ்வோர் இடையீட்டுக்கும் தொடக்கத்தோடு முடிவையும் குறிக்க.

3. இடையீடு முடிந்தபின் திரை எங்கே திரும்பவேண்டும் என்பதைத் தீர்மானிக்க.

4. தமிழ்ச் செய்தியை அதே திரையில், மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து வாசித்துப் பார்க்க.

5. திரைக் கணனி தலைமைக் கணனியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தொடர்புகொள்ளுமாயின், அவசரச் செய்தியும் ஐந்து நிமிடம் வரை பிந்தலாம் என்பதை அறிக. தீ முதலிய ஆபத்துகளுக்குத் திரையை மட்டும் நம்பாது ஒலிபெருக்கியையும் ஆயத்தமாக வைத்திருக்க.

மாணவச் செல்வங்களே! கணனி தானாக எதையும் முக்கியமென்று அறியாது. முக்கியமானது எதுவென்று மனிதர் முன்னரே சிந்தித்துக் கொடுத்த கட்டளையையே அது நிறைவேற்றுகின்றது. உங்களிற் சிலர் நாளை இத்தகைய மென்பொருள்களை ஆக்கும் பொறியியலாளராகலாம். சிலர் அறிவிப்புகளை எழுதுவோராகலாம். அப்போது, திரையின் முன்னே தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பாட்டியாரும் அமர்ந்திருக்கிறார் என்பதை மனத்திற் கொண்டு, அவருக்கென்று மணித்தியாலத்துக்குச் சில செக்கன்களை ஒதுக்குவீர்களாக. அதற்கு வேண்டிய தமிழை இன்று இவ்வகுப்பறைகளிலேயே கற்றுக்கொள்கிறீர்கள்.